முதலில் எடையைப் போடு: பீடியாட்ரிக்ஸ் பி.ஜி. சேருகிறவர்களுக்கு

பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்) எம்.டி. சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் தடித்த பாடப்புத்தகத்தைத்தான் புரட்டுவார்கள். அபூர்வமான சிண்ட்ரோம் எதையாவது கோட்டை விட்டுவிடுவோமோ என்ற பயம். உண்மையில் கோட்டை விடுவது அதை அல்ல. சிண்ட்ரோமை மறுநாள் காலை ரவுண்ட்ஸில் யாராவது பிடித்துவிடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மருந்து அளவில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் அதைப் பிடிக்க அந்த நேரத்தில் ஆள் இருக்காது. அதனால் கோரிமேடு ஜிப்மரிலோ, சிதம்பரம் அண்ணாமலை நகரிலோ, புதுச்சேரியைச் சுற்றியிருக்கும் தனியார் கல்லூரிகளிலோ சேரப்போகிறவர்களுக்கான இந்தப் பதிவில் நோய்களைவிடக் கணக்கும் ட்ரிப்பும் ஹேண்ட் ஓவரும்தான் (ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைப்பது) அதிகம் வரும்.

சேர்க்கை பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜிப்மருக்கு வருடம் இரண்டு முறை நடக்கும் ஐ.என்.ஐ.-செட் நுழைவுத் தேர்வு, மற்ற கல்லூரிகளுக்கு நீட்-பி.ஜி. படிப்பு மூன்று வருடம். வார்டு, ஓ.பி., அவசரப் பிரிவு, பச்சிளங்குழந்தைப் பிரிவு, ஐ.சி.யூ. என்று சுற்றிச் சுற்றி வரும். முதல் வருடம் கை வேலை, இரண்டாவது வருடம் முடிவெடுப்பது, மூன்றாவது வருடம் ஜூனியர் செய்ததைச் சரிபார்ப்பதும் பரீட்சைக்குப் படிப்பதும். எழுதாத சட்டம் இது.

முதலில் எடை. இன்டர்ன்ஷிப்பில் கை பழகியிருப்பது பெரியவர்கள் டோஸுக்கு: செஃப்ட்ரியாக்சோன் ஒரு கிராம், பான்டப்ரசோல் நாற்பது. குழந்தைகள் பக்கம் ஒரே கட்டடத்தில் 900 கிராம் சிசுவும் இருக்கும், 60 கிலோ பத்தாம் வகுப்புப் பையனும் இருப்பான். கேஸ் ஷீட்டில் எடைக் கட்டம் காலியாக இருந்தால் அதற்குக் கீழே ஒரு மருந்தும் எழுதக்கூடாது. சிசுவை எடை போடும்போது டயப்பர், வளையல், தாயத்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மெஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் படுக்க வைக்க வேண்டும். தினமும் அதே நேரம், அதே மெஷின், பால் கொடுப்பதற்கு முன்னால். மெஷின் மாறினால், குழந்தை நேற்றைவிட 40 கிராம் ஏறியதா இறங்கியதா என்பதே தெரியாமல் போகும். 1,200 கிராம் குழந்தைக்கு அந்த 40 கிராமில்தான் பாலை ஏற்றுவதா நிறுத்துவதா என்ற முடிவு இருக்கிறது.

ஷாக்கில் (உடம்புக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாத நிலையில்) வரும் குழந்தையை எடை போட நேரம் இருக்காது. ஒன்று முதல் ஆறு வயது வரை வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டுவது பழைய கணக்கு. நான்கு வயதுக்கு 16 கிலோ. ஆனால் எதிரில் கிடக்கும் சவலைக் குழந்தை 11 கிலோதான் இருக்கும். சூத்திரம் சொன்ன எண்ணைக் கண்ணால் ஒருமுறை சரிபார்த்து, ஷீட்டில் 'உத்தேச எடை' என்று எழுதி வைக்க வேண்டும். நிலைமை சீரானதும் உண்மையான எடையைப் போட்டு எல்லா டோஸையும் திருத்த வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. மூன்றாம் நாள் வரை உத்தேச எடையிலேயே மருந்து ஓடும். எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். கிலோவுக்கு 100 மி.கி. என்று 60 கிலோப் பையனுக்குக் கணக்குப் போட்டால் செஃப்ட்ரியாக்சோன் 6 கிராம் வரும். நாளுக்கு 4 கிராம்தான் உச்சம். பெரிய பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் உச்ச டோஸைத் தாண்டவே கூடாது.

இப்போது சிறிய அளவுகள். ஜென்டமைசின் மி.லி.க்கு 40 மி.கி. என்று வரும். ஒரு கிலோ சிசுவுக்கு 5 மி.கி. வேண்டுமென்றால் 0.125 மி.லி. இழுக்க வேண்டும். அந்த அளவை எந்த சிரிஞ்சிலும் நம்பி இழுக்க முடியாது. ஊசியின் கழுத்தில் தங்கும் மருந்தே அதில் பெரும்பங்கு ஆகிவிடும். ஆகவே 1 மி.லி. மருந்தோடு 3 மி.லி. நார்மல் சலைன் சேர்த்தால் மி.லி.க்கு 10 மி.கி. ஆகும், அதில் 0.5 மி.லி. இழுக்க வேண்டும். ஆர்டரில் '5 மி.கி.' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் போதாது. எவ்வளவு மருந்து, எதில் எவ்வளவு கலந்து, கலந்ததில் எத்தனை மி.லி., எத்தனை நிமிடத்தில் என்று நான்கையும் எழுத வேண்டும். புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம்: 0.5. புள்ளிக்குப் பின்னால் வெறும் பூஜ்யம் கூடாது: 5.0 என்பதை அவசரத்தில் 50 என்று படிப்பார்கள். குழந்தை வார்டில் பத்து மடங்குத் தவறு பலவும் இந்தப் புள்ளியில்தான் நடக்கிறது. பத்து வருடமாக அதே என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ.) இருக்கும் சிஸ்டர் "டாக்டர், இது கொஞ்சம் அதிகமா இருக்கே?" என்று கேட்டால் மறுபேச்சில்லாமல் மறுபடி கணக்குப் போடுங்கள். அந்தக் கேள்விக்கு எரிந்து விழுகிற ரெசிடெண்டிடம் (பயிற்சியில் இருக்கும் பி.ஜி. டாக்டரிடம்) அடுத்த முறை யாரும் கேட்க மாட்டார்கள்.

பொட்டாசியம் குளோரைடு தனி ஜாதி. 10 மி.லி. ஆம்பியூலில் 20 மில்லி ஈக்விவலண்ட் இருக்கும். 500 மி.லி. பாட்டிலில் 5 மி.லி. சேர்த்தால் லிட்டருக்கு 20. நேரடியாக நரம்பில் தள்ளக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் நடப்பது வேறு: தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலிலேயே ஊசியால் குத்திச் சேர்த்துவிட்டு, கழற்றித் தலைகீழாகக் குலுக்காமல் விடுவது. கனமான பொட்டாசியம் அடியில் தங்கும். முதலில் இறங்குவது அதுதான்.

ட்ரிப் செட்டிலும் கவனம் வேண்டும். பம்ப் எல்லாப் படுக்கைக்கும் கிடைக்காது. மழைக்காலத்தில் கிடைக்கவே கிடைக்காது. மைக்ரோ செட்டில் 60 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி., அதனால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டோ மணிக்கு அத்தனை மி.லி. 40 சொட்டு என்றால் மணிக்கு 40 மி.லி. சாதாரண செட்டில் 20 சொட்டுக்கே 1 மி.லி. ஆகிவிடும், அதே 40 சொட்டு மணிக்கு 120 மி.லி. ஷிஃப்ட் மாறும்போது மைக்ரோ செட் தீர்ந்து யாரோ சாதாரண செட்டை மாட்டியிருந்தால், சொட்டை எண்ணிப் பார்த்தாலும் தவறு தெரியாது. செட்டைப் பார்க்க வேண்டும். அளவுக் குழாய் உள்ள பியூரெட் செட் கிடைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் குழாயில் நிரப்பி மேல் கிளாம்பை அடைத்துவிடலாம். எது கழன்றாலும் அதற்கு மேல் இறங்காது.

சர்க்கரை குறைந்த சிசுக்களுக்கான கணக்கைத் தூக்கத்திலும் போடத் தெரிய வேண்டும். மணிக்கு ஓடும் மி.லி.யை டெக்ஸ்ட்ரோஸ் சதவீதத்தால் பெருக்கி, எடையின் ஆறு மடங்கால் வகுத்தால் கிலோவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மி.கி. குளுக்கோஸ் போகிறது என்று வரும். முதல் நாள் வழக்கமான, கிலோவுக்கு நாளுக்கு 60 மி.லி. அளவில் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஓட்டினால் 4 சொச்சம்தான் கிடைக்கும். 6 வேண்டுமென்றால் திரவத்தை 86க்கு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அடர்த்தியைக் கூட்ட வேண்டும். 12.5 சதவீதம் செய்ய 50 மி.லி. சிரிஞ்சில் 10 சதவீதம் 42 மி.லி.யும் 25 சதவீதம் 8 மி.லி. சொச்சமும். கை நரம்பில் 12.5க்கு மேல் போகக்கூடாது, தோல் வெந்துவிடும். அதற்கு மேல் தேவைப்பட்டால் தொப்புள் நரம்பில் கத்தீட்டர்.

வீட்டு மருந்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பாராசிட்டமால் சொட்டு மருந்து மி.லி.க்கு 100 மி.கி.; சிரப் 5 மி.லி.க்கே 120 அல்லது 125 மி.கி.தான். சிரப் மூடியால் சொட்டு மருந்தை 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி.; 6 கிலோக் குழந்தைக்கு ஒரே வேளையில் கிலோவுக்கு 83 மி.கி. போய்விடும். கொடுக்க வேண்டியது 15. "எவ்வளவு குடுத்தீங்க?" என்ற கேள்விக்கு "ஒரு மூடி" என்றுதான் பதில் வரும். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதே மூச்சில் மற்றதையும் கேட்டுவிட வேண்டும்: குளிக்க வைத்ததும் மூக்கில் எண்ணெய் விட்டார்களா, உரை மருந்து, வசம்பு, தொக்கம் எடுத்தது, தெருவில் வந்த கழுதைப்பால். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் மாதக்கணக்கில் ஆறாத நிமோனியாவாக நிற்கும். கேட்கிற தொனிதான் முக்கியம். பாட்டியைத் திட்டினால் அம்மா அடுத்த கேள்விக்கு "ஒண்ணும் குடுக்கல மேடம்" என்று முடித்துவிடுவார்.

நரம்பு போடுவது (ட்ரிப்புக்கு நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றுவது) பழக்கத்தில் வரும், அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஊசிக்குழாயின் நிறமும் கேஜ் அளவும்: மஞ்சள் 24, நீலம் 22, ஊதா 26. கையின் முதுகில் தொடங்குங்கள், முழங்கை மடிப்பைக் கடைசிக்கு வையுங்கள். கை சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்றுங்கள். இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லையென்றால் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது குத்து ரோஷத்தில் குத்துவது. குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் நாக்கில் கொஞ்சம் தாய்ப்பால் விட்டால் சிசுவின் அழுகை குறையும், கையும் நிலையாக இருக்கும். ஷாக்கில் இருக்கும் குழந்தைக்கு நரம்பு தேடி நேரத்தைக் கரைக்கக்கூடாது. முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டிலிருந்து ஒரு விரல் இறங்கி உள்பக்கம் உள்ள தட்டையான இடத்தில் எலும்பு ஊசி. தைரியம் வராததால்தான் தாமதிக்கிறார்கள், தெரியாததால் அல்ல.

பிரசவ அறை அழைப்பு வந்தால் ஓடிப் போய்ச் சேர்வதோடு வேலை முடியாது. குழந்தை வெளியே வருவதற்குள் வார்மர் சூடாக இருக்க வேண்டும், ஏ.சி. அணைந்திருக்க வேண்டும், மூச்சு கொடுக்கும் பை-மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்திருக்க வேண்டும், லாரிங்கோஸ்கோப் பல்பு எரிய வேண்டும். துடைத்தும் தூண்டியும் மூச்சு வரவில்லையென்றால் முதல் ஒரு நிமிடத்துக்குள் பை-மாஸ்க். நிமிடத்துக்கு 40 முதல் 60. நெஞ்சு ஏறவில்லையென்றால் மாஸ்க் கசிகிறது, அல்லது தலை அதிகம் நிமிர்ந்தோ குனிந்தோ இருக்கிறது. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். அதைச் சரிசெய்யாமல் நெஞ்சை அழுத்தப் போகிறவர்கள் அதிகம். காற்று நன்றாகப் போய் 30 விநாடி ஆன பிறகும் இதயத்துடிப்பு 60க்குக் கீழே இருந்தால்தான் அழுத்தல், மூன்று அழுத்தலுக்கு ஒரு மூச்சு. மலம் கலந்த நீரில் பிறந்து துவண்டிருக்கும் குழந்தைக்கு உடனே குழாய் விட்டு உறிஞ்சும் பழைய வழக்கம் இப்போது இல்லை, முதலில் மூச்சுதான். 32 வாரக் கர்ப்பம் நிறையும் முன்பே பிறந்த குழந்தையைத் துடைக்காமல் கழுத்து வரை பிளாஸ்டிக் பையில் சுற்ற வேண்டும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் வார்டின் முகமே மாறிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலூர், பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் எல்லாப் பக்கமிருந்தும் காய்ச்சல் புதுச்சேரிக்கு வரும். ஒரு படுக்கையில் இரண்டு குழந்தைகள்கூடப் படுத்திருக்கும். ஒரு ரெசிடெண்டை உருவாக்குவது இந்த மூன்று மாதம்தான் என்பது என் எண்ணம்.

டெங்குவில் உறவினர்களின் ஒரே கேள்வி "பிளேட்லெட் எவ்ளோ சார்?" கூடவே பப்பாளி இலைச்சாறு பற்றி ஒரு கேள்வி. ரெசிடெண்டும் பிளேட்லெட் எண்ணையே துரத்தத் தொடங்கினால் குழந்தை கையை விட்டுப் போகும். ரத்தக்கசிவு இல்லாதபோது எண் குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்ற வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது காய்ச்சல் விடும் நேரம். பெற்றோர் "ஜுரம் விட்டுடுச்சு" என்று நிம்மதியாகும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, சோர்வு, ஈரல் பெரிதாவது, ஹிமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) ஏறுவது ஆகியவை எச்சரிக்கை. மேல் ரத்த அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவு என்றால் அது ஷாக். 100/80 என்ற எண்ணைப் பார்த்து "பி.பி. நார்மல்" என்று எழுதிவிட்டுப் போவது முதல் வருடத்தின் பெயர்பெற்ற தவறு.

14 கிலோக் குழந்தை, கை கால் சில்லிட்டு, அழுத்தம் இன்னும் விழவில்லை என்று வையுங்கள். முதல் ஒரு மணியில் கிலோவுக்கு 10 மி.லி., அதாவது நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் 140 மி.லி. மணி முடிந்ததும் படுக்கைக்குப் போய்க் கையைத் தொட வேண்டும். நாடி, விரல் நுனியில் ரத்தம் திரும்பும் நேரம், அழுத்த இடைவெளி, சிறுநீர், ஹிமடோகிரிட். தேறினால் கிலோவுக்கு மணிக்கு 7, பிறகு 5, பிறகு 3 மி.லி. என்று இறக்க வேண்டும். ஏற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், இறக்கத் தெரிந்தவர்கள் குறைவு. காலையில் சீனியர் எழுதிய "மணிக்கு 70" ராத்திரி வரை அப்படியே ஓடும். குழந்தை தேறும் கட்டத்துக்கு வந்து, கசிந்த நீர் திரும்ப ரத்தத்துக்குள் வரும்போதும் ஓடும். கண்ணிமை வீங்கி, மூச்சு வேகமாகி, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு ஐ.சி.யூ.வுக்குப் போகும் டெங்குக் குழந்தைகளில் பலருக்கு நாம் ஏற்றிய திரவம்தான் காரணம்.

ஹிமடோகிரிட் இறங்குவதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. குழந்தை பசிக்கிறது என்று கேட்டு, சிறுநீர் நன்றாகப் போய், கை சூடாக இருந்து 46 என்பது 38 ஆனால் தேறுகிறது, ட்ரிப்பை நிறுத்துங்கள். நாடி ஓடி, வெளிறி, வயிறு உப்பி 46 என்பது 38 ஆனால் உள்ளே ரத்தம் போகிறது, ரத்தம் ஏற்றுங்கள். எண் ஒன்றுதான், செய்வது நேரெதிர். லேப் ரிப்போர்ட்டை போனில் கேட்டு ஆர்டர் சொல்வதால் வரும் வினை இது.

ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் இந்தப் பக்கத்தில் ஸ்க்ரப் டைஃபஸைத் தேடியே ஆக வேண்டும். மைட் என்ற நுண்பூச்சி கடித்த கருப்புப் பொருக்கு வலிக்காது, அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், அரைஞாண் கயிற்றுக்கு அடியில் என்று டார்ச் அடித்து முழு உடம்பையும் பார்க்க வேண்டும். ஈர மடிப்பில் பொருக்கு கருப்பாக இல்லாமல் வெளுத்த புண்ணாகவும் இருக்கலாம். டாக்ஸிசைக்ளின் கிலோவுக்கு 2.2 மி.கி. தினம் இரு வேளை, அல்லது அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மி.கி. கொடுக்கலாம். குறுகிய நாட்களுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் சின்னக் குழந்தைகளுக்குப் பல் கறுக்கும் என்ற பழைய பயத்தை விட்டுவிடலாம். சரியான மருந்தில் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் விடும். விடவில்லையென்றால் வேறு எதையோ தேடுங்கள்.

செந்தேள் கடியும் ராத்திரியில்தான் வரும். வியர்த்துக் கொட்டி, கை கால் சில்லிட்டு வரும் குழந்தைக்கு பிரசோசின் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு ஹிம்மத்ராவ் பவாஸ்கர் பரவலாக்கிய மருத்துவம் இது. 1 மி.கி. சாதாரண மாத்திரையை 10 மி.லி. தண்ணீரில் கரைத்தால் 10 கிலோக் குழந்தைக்கு 3 மி.லி. கொடுக்க வேண்டும். மெல்ல வேலை செய்யும் எக்ஸ்.எல். மாத்திரையைக் கரைக்கக்கூடாது. கொடுத்த பிறகு குழந்தையைத் தூக்கி நிறுத்தாமல் படுக்க வைக்க வேண்டும், அழுத்தம் சரிந்துவிடும்.

இத்தனையையும் சரியாகச் செய்துவிட்டு ஹேண்ட் ஓவரில் கெடுப்பது எளிது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளின் குழந்தை மருத்துவ ரெசிடெண்டுகளை வைத்து 2014-இல் வெளியான ஐ-பாஸ் ஆய்வில், ஹேண்ட் ஓவரை ஒரு முறைப்படி கொடுக்கப் பழக்கியதிலேயே தடுக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. முறை எளிதுதான்: குழந்தை எவ்வளவு மோசம், இரண்டு வரியில் கதை, பாக்கி வேலை, இப்படி ஆனால் இதைச் செய் என்ற முன்யோசனை, கேட்டவர் திருப்பிச் சொல்வது. நம் வார்டுகளில் முதல் மூன்று எப்படியோ நடக்கும். நான்காவதும் ஐந்தாவதும் நடப்பதில்லை. "பெட் 7 டெங்கு, பார்த்துக்கோ" என்பது ஹேண்ட் ஓவர் இல்லை. "பெட் 7, காய்ச்சல் விட்டு 20 மணி நேரம், இப்போ 5 ஓடுது, பத்து மணிக்கு ஹிமடோகிரிட் பாரு, சிறுநீர் நல்லா போனா 3க்கு இறக்கு, இடைவெளி 20க்கு வந்தா என்னைக் கூப்பிடு" என்பதுதான்.

டூட்டி நேரம் பற்றிக் காகிதத்தில் இருப்பது: 1992-இன் மத்திய ரெசிடென்சி விதி நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. 2023-இன் என்.எம்.சி. (தேசிய மருத்துவ ஆணையம்) விதி வாரம் ஒரு நாள் விடுப்பு, வருடம் 20 நாள் கேஷுவல் லீவ் என்கிறது. வார்டில் நடப்பது வேறு. 30 மணி நேரம் விழித்திருப்பவர் போடும் கணக்கை நம்பக்கூடாது, அவரேகூட நம்பக்கூடாது. அதனால் இரவு இரண்டு மணிக்கு மேல் எந்த டோஸையும் இன்னொருவர் பார்க்காமல் கொடுப்பதில்லை என்று யூனிட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். டிபார்ட்மெண்ட் அனுமதி எதுவும் தேவைப்படாத சீர்திருத்தம் அது.

என்.எம்.சி. விதிப்படி நடக்கும் கல்லூரிகளில் மூன்று முதல் ஐந்தாம் செமஸ்டருக்குள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்குப் போக வேண்டும். பலர் அதை லீவு மாதிரி நினைக்கிறார்கள், அது வீண். கடலூர் மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனை மாதிரி ஓர் இடத்தில்தான், எதை இங்கேயே வைத்துப் பார்க்கலாம், எதை எந்த நேரத்தில் மேலே அனுப்ப வேண்டும் என்பது தெரியும். அனுப்பும்போது சிசுவின் வெப்பநிலை 36.5க்குக் கீழே இருந்தால் சூடேற்றிய பிறகே ஆம்புலன்ஸ். கங்காரு முறையில் அம்மாவின் நெஞ்சோடு சேர்த்து அனுப்புவது பல நேரம் இன்குபேட்டரைவிட நல்லது. சர்க்கரை பார்த்து எழுதுங்கள், நேரத்தோடு. வந்து சேரும் இடத்தில் இருக்கும் உங்கள் ஜூனியருக்கு அந்தச் சீட்டுதான் எல்லாம். எல்லையைத் தாண்டிப் பிறக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள்: பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. கடலூர்க்காரர் குழந்தை புதுச்சேரியில் பிறந்தால் சான்றிதழும் புதுச்சேரியில்தான்.

ஆய்வேடு பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பே போக வேண்டும். மழைக்கால நோயைத் தலைப்பாக எடுத்தால் இரண்டு பருவம்தான் கையில் இருக்கும். நெறிமுறைக் குழு ஒப்புதல் நவம்பரில் வந்தால் அதில் ஒன்று போச்சு.

பரீட்சையில் நான்கு தியரி தாள்கள், பிறகு லாங் கேஸ், ஷார்ட் கேஸ்கள், பச்சிளங்குழந்தை, வைவா. பையில் அளவு நாடா, டார்ச், சுத்தி, வளர்ச்சி வரைபடம், குழந்தை கையில் கொடுக்க ஒரு கிலுகிலுப்பை. அழுகிற குழந்தையின் நெஞ்சில் ஒன்றும் கேட்காது, ஆகவே இதயத்தையும் நுரையீரலையும் அம்மா மடியில் இருக்கும்போதே கேட்டுவிட்டு, தொண்டையையும் காதையும் கடைசிக்கு வையுங்கள். பிஸ்கட் கொடுத்துச் சமாதானம் செய்வதாக இருந்தால் அம்மாவைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். லாங் கேஸாக வந்திருப்பது சர்க்கரை நோய்க் குழந்தையாக இருக்கலாம்.